டர்பனில் இலையுதிர்காலப் பறவைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் டர்பனில் இலையுதிர்காலம் மார்ச்சில் தொடங்கிவிடும். ஏப்ரல் முதல் வாரத்தைத் தாண்டவிடாதீர்கள். வடக்கே போகும் பறவைகள் அப்புறம் அவ்வளவாக இருக்காது.

உம்கெனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூன் பக்கம்தான் எங்கள் சங்கத்து ஆட்களைக் கூட்டிப்போவேன். முதலில் கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள். நீர் இறங்க இறங்கச் சேறு தெரியும், உள்ளான் என்னும் கரையோரப் பறவைகள் மேய வரும். காலையிலேயே போய்விடுங்கள். தென்கரையில் நின்று வடக்கே பார்க்கிறோம். இங்கே நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும், கண் கூசும், பறவை வெறும் நிழலாகத்தான் தெரியும்.

வளைந்த மூக்குள்ள சின்ன உள்ளானை விட்டுவிடாதீர்கள். கோடையெல்லாம் சாம்பலாக இருந்த பறவைக்குக் கிளம்பும் முன் நெஞ்சிலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாகச் செங்கல் நிறம் ஏறும். அந்தக் கோலத்தில்தான் சைபீரியாவுக்குப் பறக்கும். இதைவிட அழகாக இந்த ஊரில் எனக்கு எதுவும் இல்லை.

சேற்றில் இறங்காதீர்கள், பறவைகள் தின்று கொழுப்பு சேர்க்கும் நேரம் அது, வீணாகக் கிளப்பக் கூடாது. காரில் பை, கேமரா எதையும் வைக்காமல் நாலைந்து பேராகவே போங்கள்.

மாலையில் நேரமிருந்தால் டர்பனுக்கு வடக்கே இருக்கும் மவுண்ட் மோர்லாண்டுக்குப் போங்கள். சூரியன் மறைய அரைமணி முன்பே போனால், நாணல் காட்டில் அடைய வரும் தகைவிலான் குருவிகளைப் பார்க்கலாம். சில வருஷம் இடம் மாறிவிடும், அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.