செயின்சா பல்: எந்த வடிவம் வேகம், எது வேலைக்கு ஆகும்

வெட்டு இறங்கவில்லை என்றதும் கார்புரேட்டரைத் திருகப் போகாதீர்கள். முதலில் மெஷினுக்குக் கீழே கொட்டிக் கிடப்பதைக் கையில் அள்ளிப் பாருங்கள். தடித்த சீவல்களாக இருந்தால் செயின் நன்றாக இருக்கிறது, குறை வேறெங்கோ இருக்கிறது. மாவு மாதிரி தூளாக வந்தால் எஞ்சின்மேல் குற்றமில்லை. பல் மரத்தைச் சீவாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு பல்லிலும் இரண்டு விளிம்புகள் வேலை செய்கின்றன. பக்கத் தகடு நாரைக் குறுக்கே அறுக்கிறது. மேல் தகடு அறுந்த நாரை அடியோடு சீவித் தூக்குகிறது. இரண்டும் சந்திக்கும் மூலைதான் மரத்தை முதலில் தொடுகிறது, அதிகச் சுமையும் அதற்குத்தான். பல்லுக்கு முன்னால் திமில் மாதிரி நிற்கும் ரேக்கர், ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் சீவலாம் என்பதை முடிவு செய்கிறது. வெட்டுவதற்கான இந்தச் சீவும் பல், அமெரிக்காவின் ஓரிகானைச் சேர்ந்த ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் 1946இல் மரம் குடையும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து வடிவமைத்தது. இன்று கடையில் கிடைக்கும் செயின்கள் எல்லாமே அதன் வழிவந்தவை. அவற்றுக்குள் இருக்கும் பெரிய வித்தியாசம் அந்த மூலை எப்படி இருக்கிறது என்பதுதான்.

மூன்று மூலைகள்

ஃபுல் சிசல் செயினில் மூலை கூர்மையான சதுரமாக இருக்கும். சுத்தமான பச்சை மரத்தில் இதுதான் வேகம். ஆனால் எல்லா வேலையும் ஒரே முனையில் விழுவதால் அந்த முனை மழுங்கினால் பல் முழுவதும் மழுங்கியதற்குச் சமம். ஒரு தடவை மண்ணில் உரசினாலே போதும். பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) முனை மரத்தில் இடித்தால் மெஷின் பின்னால் உதைக்கும் ஆபத்தும் இதில் கூடுதல்.

செமி சிசலில் மூலை வளைந்திருக்கும். சுமை அந்த வளைவு முழுவதும் பரவுவதால் வேகம் கொஞ்சம் குறைவு, கூர் நிற்கும் நேரம் அதிகம். கொஞ்சம் மழுங்கிய நிலையிலும் வெட்டிக்கொண்டே இருக்கும். ஃபுல் சிசல் அப்படி இல்லை, சட்டென்று நின்றுவிடும்.

மூன்றாவது ஸ்கொயர் ஃபைலிங். செயின் ஃபுல் சிசல்தான், ஆனால் உருண்டை அரத்துக்குப் பதிலாகத் தட்டையான முகங்கள் உள்ள தனி அரத்தால் தீட்டுவார்கள். உருண்டை அரம் பல்லின் உட்புறத்தைக் குழிவாக்குகிறது. இந்த அரம் நேரான சாய்வுகளை உண்டாக்குகிறது. மூன்றிலும் அதிக வேகம் இதில்தான். அமெரிக்க மேற்குக் கரையில் பெரிய ஊசியிலை மரம் வெட்டுபவர்களும், போட்டிகளில் வெட்டுபவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அரத்தின் விளிம்பு பல்லின் உள்மூலையில் அச்சாகப் பொருந்த வேண்டும், அரை மில்லிமீட்டர் விலகினாலும் வடிவம் கெட்டுவிடும். தீட்ட நேரமும் கூட, அரமும் எளிதில் கிடைக்காது. நம் ஊர் வேலைக்கு இது தேவையில்லை.

இங்கே என்ன வெட்டுகிறோம் என்பதை யோசித்தால் முடிவு தானாக வரும். தென்னையிலும் பனையிலும் வெளி வளையம் கெட்டி, நடுப்பகுதி மெத்து. அந்தக் கெட்டி நாருக்குள் சிலிக்கா இருப்பதால் வெட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் பல் தேய்கிறது. தேக்கிலும் சிலிக்கா உண்டு. சீமைக்கருவேலம் தரையோடு கிளைவிட்டு, பட்டையில் மண் அப்பி நிற்கும். சாலையோர மரம் என்றால் ஆணியும் கட்டுக்கம்பியும் இருக்கும். புயலில் சாய்ந்த மரத்தில் வேர்ப்பக்கம் முழுக்க மணல். இந்த எல்லாவற்றுக்கும் செமி சிசல்தான். ஃபுல் சிசலை எஸ்டேட்டில் நிற்கும் சில்வர் ஓக், யூகலிப்டஸ் போன்ற சுத்தமான பச்சை மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் அடிமரத்தில் மண் படிந்த பட்டையைக் கத்தியால் சீவிவிட்டு வெட்டுவது நல்லது.

கோணம்

மேல் தகட்டைப் பாருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 30 பாகை சாய்த்துத் தீட்டுவதுதான் பெரும்பாலான செயின்களுக்குப் பொது அளவு. பல பல்களின் மேல் தகட்டில் பின்பக்கமாக ஒரு சாய்கோடு பொறித்திருக்கும், அரத்தை அதற்கு இணையாகப் பிடித்தால் கோணம் சரியாக வரும். 35 பாகைக்குப் போனால் மென்மரத்தில் வேகம் கூடும், ஆனால் விளிம்பு மெலிந்து சீக்கிரம் போகும். காய்ந்த புளி, கருவேலம் மாதிரி கெட்டி மரத்துக்கு 25க்கு இறக்கினால் விளிம்பு தடித்து நிற்கும். நீளவாக்கில் பலகை அறுப்பதற்கு 10 பாகை. 30இல் தீட்டிய செயினால் பலகை அறுத்தால் முகம் கரடுமுரடாக வரும், எஞ்சினும் திணறும்.

கோணத்தில் 2 பாகை கூடினாலும் குறைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. இடப்பக்கப் பல் 25, வலப்பக்கப் பல் 35 என்று இருந்தால்தான் வெட்டு கோணும். எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

அரத்தின் தடிமன்

இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பிட்ச், அதாவது செயினின் அளவு, என்ன என்று பாரிலோ டிரைவ் லிங்கிலோ (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) பார்த்துவிட்டு அரம் வாங்குங்கள். அடுத்தடுத்த 3 ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தாலும் பிட்ச் தெரியும்.

- 1/4 இன்ச், 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த செயின்): 4.0 மி.மீ.
- .325: 4.8 மி.மீ.
- 3/8: 5.2 அல்லது 5.5 மி.மீ. (செயின் கம்பெனியைப் பொறுத்தது, பெட்டியில் இருக்கும்)
- .404: 5.5 மி.மீ.

அரத்தின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல் தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அரம் மெலிதாகவோ கீழே இறங்கியோ ஓடினால் விளிம்பு கொக்கியாக வளையும். அந்தச் செயின் முதல் சில வெட்டில் பிய்த்துக்கொண்டு போகும், மரத்தைக் கவ்வி இழுக்கும், பிறகு சீக்கிரம் மழுங்கும். அரம் தடித்திருந்தாலோ மேலே ஏறி ஓடினாலோ பல் பின்னால் சாய்ந்துவிடும். பல் பளபளப்பாக இருக்கும், ஆனால் மெஷினை அழுத்தினால்தான் வெட்டும். பிடித்து அழுத்துகிற வெட்டில் பாரும் செயினும் சூடேறி வீணாகும்.

தீட்டும் முறை

எஞ்சினை நிறுத்தி ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். பாரை வைஸில் பிடியுங்கள். செயினை வழக்கத்தைவிட ஒரு பிடி இறுக்கினால் பல் ஆடாது. எல்லாப் பல்லையும் ஒரு சுற்று பார்த்து மிகக் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து அதில் நெயில் பாலிஷ் தடவுங்கள். மற்றவற்றின் நீளத்துக்கு அதுதான் அளவு. முதலில் அதைத் தீட்டி, மீதியை அதற்குச் சமமாகக் கொண்டுவருங்கள்.

அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளுங்கள். திரும்ப வரும்போது தூக்கிவிட வேண்டும், இழுத்தால் அரத்தின் பற்கள்தான் போகும். லேசாக மழுங்கிய பல்லுக்கு 2, 3 தள்ளு போதும். ஒரு பக்கப் பல்கள் எல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள், அங்கேயும் அதே எண்ணிக்கை. பெரும்பாலோருக்கு ஒரு கைப்பக்கம் பலம் கூடுதல் என்பதால், எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நீளத்தை கேலிப்பரில் சரிபாருங்கள்.

எப்போது நிறுத்துவது என்று பல்லே சொல்லும். பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோம் பூச்சு இருக்கிறது. உள்ளிருக்கும் இரும்பு அரம் ஏறும் அளவுக்கு மெது, வெட்டும் கூர் அந்தக் குரோமில்தான். வெயிலில் பல்லைத் திருப்பி மூலையைப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரி ஒரு மின்னல் கோடு தெரிந்தால் அந்த இடம் உருண்டிருக்கிறது. அந்தக் கோடு முழுதாக மறையும் வரை தீட்ட வேண்டும். கல்லில் மோதிய செயினில் 10 தள்ளு ஆனாலும் பரவாயில்லை. பாதியில் நிறுத்தினால் பல் பளபளக்கும், கூர் இருக்காது.

கிரைண்டரில் தீட்டினால் மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். பல் நீலமாக மாறினால் சூட்டில் அதன் பதம் மாறிவிட்டது. சூட்டில் பதம் ஏறி இறுகிப்போன பல்லில் அடுத்த முறை அரம் வழுக்கும்.

ரேக்கர்

பல் தேயத் தேய மேல் தகடு தாழ்கிறது, ரேக்கர் அப்படியே நிற்கிறது. மூன்று நான்கு முறை தீட்டியதும், ரேக்கர் பல்லின் விளிம்பைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளவு பாருங்கள். 1/4, 3/8 லோ புரொஃபைல், .325, 3/8 எல்லாவற்றுக்கும் பொதுவான இடைவெளி 0.65 மி.மீ., .404க்கு 0.80 மி.மீ. பல்லின் மேல் ரேக்கர் கேஜை (இந்த இடைவெளியைக் காட்டும் அளவுத் தகடு) வைத்து, வெளியே நீட்டும் பகுதியைத் தட்டை அரத்தால் சமமாக்கி, முன் மூலையை மறுபடி உருட்டிவிடுங்கள். அந்த உருட்டலை விட்டுவிட்டால் ரேக்கர் மரத்தில் குத்தும்.

வேகம் வேண்டும் என்று ரேக்கரைக் கண்டபடி இறக்குவது ஆபத்து. சீவல் தடிக்கும், எஞ்சின் சுழற்சி விழும், கிளட்ச் வழுக்கும், மெஷின் உதறும், பின்னால் உதைக்கவும் செய்யும். ஆனால் பாதிக்கு மேல் தேய்ந்த செயினில் 0.65 மட்டும் போதாது. விளிம்பு ரேக்கரிலிருந்து விலகிவிட்டதால் அதே இடைவெளியில் சீவும் கோணம் குறைகிறது. விளிம்பிலிருந்து ரேக்கருக்குக் கோணத்தை வைத்து அளக்கும் புரோகிரசிவ் கேஜ் இதைச் சரிக்கட்டும். பழைய செயின் நன்றாகத் தீட்டியும் தூளாகவே கொட்டினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

எதனால் கோணுகிறது

வெட்டு ஒரு பக்கமாக வளைந்தால் அந்தப் பக்கப் பல்கள் நீளமாகவோ கூர்மையாகவோ இருக்கின்றன. நீளம்தான் காரணம் என்றால், மறுபக்கத்துக்கு அதிகம் அரம் போட்டால் வளைவு கூடத்தான் செய்யும். நீளமாக இருக்கும் பக்கத்தை மட்டும் சமமாகும் வரை எடுங்கள். நீளமும் ரேக்கரும் சரியாக இருந்தும் கோணினால் பாரின் இரண்டு தண்டவாளங்களில் ஒன்று தாழ்ந்திருக்கும். பாரைக் கழற்றி மட்டமான கண்ணாடியில் நிறுத்திப் பாருங்கள்.

வேகத்தை ஒப்பிட

இரண்டு வடிவங்களைச் சோதிக்க ஒரே மெஷின், ஒரே பார், ஒரே கட்டை தேவை. எஞ்சின் சூடான பிறகு, கையால் அழுத்தாமல் மெஷினின் எடையில் மட்டும் இறங்கவிட்டு ஒவ்வொரு செயினிலும் 3 வெட்டு, நேரம் எடுங்கள். பிறகு இரண்டு செயினுக்கும் வழக்கமான அரைநாள் வேலை கொடுத்து, தீட்டாமல் மறுபடி 3 வெட்டு எடுங்கள். முதல் வரிசையில் ஃபுல் சிசல் முந்தும். இரண்டாவது வரிசைதான் எதை வாங்க வேண்டும் என்று காட்டும்.

வேலைக்கு இரண்டு செயின்களை மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்று மழுங்கினால் தீட்டிய இன்னொன்று பையில் தயாராக இருக்கும். பல்லின் நீளம் 4 மி.மீ.க்குக் கீழே போனாலோ விரிசல் தெரிந்தாலோ அந்தச் செயினைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு செயின் தேய்ந்ததும் ஸ்ப்ராக்கெட்டையும் (செயினைச் சுழற்றும் பற்சக்கரம்) மாற்றுங்கள், தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினின் டிரைவ் லிங்கைச் சீக்கிரம் தின்றுவிடும்.