வேட்டித் திரையில் அந்துப்பூச்சி பார்ப்பது எப்படி?

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவுப் பக்கம் ஒரு தோப்போ வீட்டுக் கொல்லையோ இருந்தால் போதும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். சாரல் காலத்தில் கணவாய்க் காற்று துணியைப் படபடவென்று அடிக்கும். ஒரு பூச்சியும் உட்காராது. ஐப்பசியில் மழை விட்டு, காற்று நின்று, புழுங்குகிற இரவுதான் தோது. அமாவாசையை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. நிலா காய்ந்தால் வரத்து குறையும்.

எட்டு முழ வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் கொடியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு முழம் தரையில் விரியுங்கள். பல அந்துகள் அங்கேதான் இறங்கும், மிதித்துவிடாதீர்கள். விளக்கு, துணிக்கு ஓரடி முன்னால். அந்துகளை இழுக்கும் புற ஊதாக் கதிர் வீட்டு எல்இடி பல்பில் இல்லையென்றே சொல்லலாம். பலர் ஏமாறுவது இதில்தான். சோக் தேவைப்படாத 160 வாட் மெர்க்குரி பல்பு வாங்குங்கள். தூறல் பட்டால் சூடான கண்ணாடி வெடிக்கும், மேலே தகரம் கட்டாயம்.

வெளிச்சத்தின் மேல் ஆசைப்பட்டு அவை வருவதில்லை. இரவில் வானம்தான் வெளுப்பு. முதுகை அந்தப் பக்கம் வைத்துப் பறப்பது பூச்சிகளின் பழக்கம். பல்பு குறுக்கே வந்தால் முதுகு அதன் பக்கம் சாயும், சுற்றிச் சுற்றியே மாட்டிக்கொள்ளும்.

ஆகவே பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். விடியவிடிய எரியவிடுவது அநியாயம். அட்லாஸ் என்னும் மிகப் பெரிய அந்துக்கு உண்ணும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பில் ஒரு வாரம்போல் வாழும். இறகு போன்ற உணர்கொம்பால் பெண்ணின் வாசனையைத் தேட வேண்டிய ஆணுக்கு ஓர் இரவு போனால் பெரிய இழப்பு. அணைத்த கையோடு துணியைப் புதர் ஓரமாக மெல்ல உதறுங்கள். விட்டுவைத்தால் காலையில் கரிச்சான் பொறுக்கிவிடும்.

உங்கள் கழுத்தில் ஆரஞ்சும் கறுப்புமாகச் சின்ன வண்டு ஊர்ந்தால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள். நசுங்கினால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

விளக்குக்கு வராத சில, இனிப்புக்கு வரும். அரைக்கிலோ வெல்லத்தில் நாலு கனிந்த பழத்தைப் பிசைந்து, இரண்டு நாள் புளிக்கவைத்து, அந்தியில் மரத்தில் நெஞ்சுயரத்துக்குப் பூசுங்கள். எறும்பு ஏறாத மரமாகப் பாருங்கள்.

நந்தியாவட்டை, அரளியில் இரு நீலக் கண்பொட்டோடு பச்சைப் புழு தின்றுகொண்டிருந்தால் மருந்தடிக்க வேண்டாம். அது பருந்து அந்துவின் புழு. பப்பாளியில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் மரத்துக்குக் கொண்டுபோவதில் பருந்து அந்துகளுக்குப் பெரும் பங்கு. செடியடிச் சருகையும் கூட்டாதீர்கள், கூட்டுப்புழு அதில்தான் கிடக்கும்.