ஒரே மாடலில் இரண்டு டீம்: ஆர்க்கியில் கான்ஃப்ளிக்ட் வந்தால் என்ன செய்வது?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிளம்புகிற அவசரத்தில், ஆர்க்கி என்ற வரைபட மென்பொருளில் என் மாற்றங்களை மற்றவர்களுக்கு அனுப்பும் பப்ளிஷ் பட்டனை அழுத்தினேன். கான்ஃப்ளிக்ட், அதாவது ஒரே பகுதியை இருவர் மாற்றியதால் வந்த மோதல், என்று ஒரு விண்டோ வந்து, என்னுடையது வேண்டுமா, அவர்களுடையது வேண்டுமா என்று கேட்டது. என்னுடையதுதான் என்று ஓகே கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டேன். திங்கட்கிழமை பேமென்ட்ஸ் டீம் நண்பர் என் சீட்டுக்கே வந்துவிட்டார். "நான் ரெண்டு நாளா வரைஞ்சதெல்லாம் எங்கங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை, ஃபைல்களின் பழைய மாற்றங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளின் ஹிஸ்டரியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் தேடி எடுத்து மறுபடி வரைய அரை நாள் ஆனது. அந்த அரை நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்தப் பதிவு.

ஆர்க்கி என்பது ஆர்க்கிமேட் என்ற வரைபட மொழியில் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் (ஒரு நிறுவனத்தின் வேலைகளும் சிஸ்டங்களும் எப்படி இணைந்திருக்கின்றன என்பது) வரைய உதவும் இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதற்கான கோஆர்க்கி ப்ளகினைப் போட்டால் பலர் ஒரே மாடலில் வேலை செய்யலாம். பின்னணியில் ஓடுவது கிட். இங்கே சொல்வதெல்லாம் கோஆர்க்கியின் முதல் தலைமுறைக்கு.

படி 1: எது எந்த ஃபைலில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோஆர்க்கி உங்கள் மாடலைப் பிரித்துப் போட்டுத்தான் சேமிக்கிறது. ஒவ்வொரு எலிமென்டுக்கும் (சிஸ்டம், சர்வீஸ் போன்ற பொருள்) தனி எக்ஸ்எம்எல் ஃபைல், அவற்றை இணைக்கும் ஒவ்வொரு ரிலேஷன்ஷிப்புக்கும் தனி, அவற்றைப் பெட்டிகளாகக் காட்டும் படமான ஒவ்வொரு வியூவுக்கும் தனி. இந்த அமைப்பின் பெயர் கிராஃபிகோ. நீங்கள் கடன் சிஸ்டத்தின் பெயரை மாற்றுகிறீர்கள், நான் பேமென்ட் கேட்வேக்கு விளக்கம் எழுதுகிறேன் என்றால் இரண்டும் வேறு வேறு ஃபைல், பிரச்சினையே இல்லை.

வம்பெல்லாம் வியூவில்தான். ஐம்பது பெட்டி உள்ள வியூவும் ஒரே ஃபைல். எந்தப் பெட்டி எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் என்பதும் அதற்குள்ளேதான் எழுதப்படுகிறது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நாலு பெட்டியை ஒரே வரிசையில் நிறுத்தினாலும் கிட் அதை மாற்றமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அடுத்தவர் வியூவை அலங்காரம் செய்யாதீர்கள்.

படி 2: ரிஃப்ரெஷ் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்

காலையில் மாடலைத் திறந்ததும் முதல் வேலை ரிஃப்ரெஷ், அதாவது மற்றவர்கள் அனுப்பிய மாற்றங்களை இறக்கிக்கொள்வது. ஒரு வேலை முடிந்ததும் கமிட் (மாற்றத்தை ஒரு குறிப்போடு பதிவு செய்வது), பிறகு பப்ளிஷ். கமிட் மெசேஜில் "அப்டேட்" என்று மட்டும் எழுதுபவர்களிடம் எனக்குப் பழைய கோபம் உண்டு. "கடன் வியூ: கேஒய்சி சர்வீஸ் சேர்த்தது" என்று எழுதினால் பின்னால் தேடுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

படி 3: கான்ஃப்ளிக்ட் விண்டோ வந்தால்

முதலில், எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். மோதுகிற பொருள்களின் பட்டியல் அதில் இருக்கும். எலிமென்டா வியூவா என்று பாருங்கள். எலிமென்ட் என்றால் சுலபம். பெரும்பாலும் பெயரையோ விளக்கத்தையோதான் இருவரும் மாற்றியிருப்பீர்கள். எது சரியோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

வியூ என்றால் நிதானம் வேண்டும். உங்களுடையதில் பாதி, அவருடையதில் பாதி என்று எடுக்க வழியில்லை. முழு வியூவாக ஒன்றைத்தான் எடுக்க முடியும். நான் செய்வது இது:

கேன்சல் கொடுத்து வெளியே வருவேன். நம் கமிட் அப்படியே இருக்கும். மாடலில் உள்ளதெல்லாம் பட்டியலாக இருக்கும் மாடல் ட்ரீயில் அந்த வியூவை ரைட் கிளிக் செய்து டூப்ளிகேட் எடுத்து, "கடன் வியூ - என் காப்பி" என்று பெயர் வைத்து கமிட் செய்வேன். அது புது ஃபைல் என்பதால் யாருடனும் மோதாது. மறுபடி ரிஃப்ரெஷ், இந்த முறை தயங்காமல் அவர்களுடையதை எடுப்பேன். பிறகு இரண்டு வியூவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, நான் சேர்த்ததை மட்டும் அவர் வியூவுக்குள் கொண்டுவருவேன். நான் உருவாக்கிய எலிமென்ட்கள் தனி ஃபைல் என்பதால் ட்ரீயில் அப்படியே இருக்கும். அங்கிருந்து இழுத்துப் போட்டால் போதும். முடிந்ததும் காப்பியை அழித்துவிட்டு பப்ளிஷ்.

பத்து நிமிட வேலைதான். அவர் பக்கத்து சீட்டில் இருந்தால் கூப்பிட்டு வைத்துக்கொண்டே செய்யுங்கள், ஐந்து நிமிடத்தில் முடியும்.

படி 4: சத்தமில்லாமல் வருகிற மோதல்

விண்டோ போட்டுக் கேட்கிற மோதலைவிட எனக்குப் பயம் கேட்காமல் நுழைகிற மோதல்தான். நீங்கள் "கஸ்டமர் போர்ட்டல்" என்று ஒரு அப்ளிகேஷன் காம்போனென்ட் (ஒரு மென்பொருளைக் குறிக்கும் எலிமென்ட்) உருவாக்குகிறீர்கள். அதே நாளில் இன்னொரு டீமும் அதே பெயரில் ஒன்றை உருவாக்குகிறது. ஐடி வேறு, ஃபைல் வேறு. கிட்டுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆறு மாதம் கழித்து "இந்த போர்ட்டலை நிறுத்தினால் என்னென்ன பாதிக்கும்?" என்று மேலிடம் கேட்கும்போது, பாதி இணைப்புகள் ஒன்றிலும் மீதி மற்றதிலும் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் புதிதாக உருவாக்கும் முன் ட்ரீயில் தேடிப் பாருங்கள். வாரம் ஒருமுறை, மாடலில் உள்ள குறைகளைத் தேடும் ஆர்க்கியின் வேலிடேட்டரை ஓடவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் காட்டிக்கொடுக்கும். இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று இரு டீமும் பேசி முடிவெடுத்த பிறகு, மற்றதன் இணைப்புகளை அதற்கு மாற்றுங்கள். கடைசியாகத்தான் வேண்டாததை அழிக்க வேண்டும்.

அழிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வியூவில் டெலீட் அழுத்தினால் அந்தப் படத்திலிருந்து மட்டும்தான் போகும். "டெலீட் ஃப்ரம் மாடல்" கொடுத்தால் எல்லா வியூவிலிருந்தும் போய்விடும். இரண்டாவதை அழுத்தும் முன் டீம் சாட்டில் ஒரு வரி போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள்.