பழைய பிக்கப்பைப் பதிக்க முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டட்சன் 620 பிக்கப்பின் உயரத்தைக் குறைத்து, அது இரண்டு அங்குலம் பதிந்து நின்றால் அதன் அழகே தனி. 1972இல் வந்த அந்த உடம்புக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் நாங்கள் ஓடுவது வன்னியில். ஏ9 வீதியில் மாங்குளம் வரை சுகமாக வரலாம். அங்கிருந்து உள்ளே கிரவல் ஒழுங்கைக்குத் திரும்பியதும் கதை வேறு. படத்தில் பார்த்த உயரத்தை அப்படியே கேட்பதுதான் முதல் தவறு. பின் அச்சுக்கும் சேசிஸில் உள்ள தடுப்பு ரப்பருக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்துக் குறைக்கும் ஒவ்வொரு அங்குலமும் அந்த இடத்திலிருந்துதான் போகிறது. மூன்று அங்குலம் இருக்கிற இடத்தில் மூன்றையும் எடுத்தால், ஒரு மூட்டை நெல் ஏற்றாமலேயே அச்சு இடிக்கத் தொடங்கும்.

பலர் பிழை விடுவது பின்பக்கத்தில். குனிந்து பாருங்கள்: லீஃப் ஸ்பிரிங் (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) அச்சுக்குக் கீழே இருந்தால், இரண்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்க வண்டி பதியும். மேலே இருந்தால் அதே கட்டை வண்டியை உயர்த்திவிடும். மரக்கட்டை வேண்டவே வேண்டாம், ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கவும் வேண்டாம். ஸ்பிரிங்கின் நடு ஆணி கட்டையின் துளையில் சரியாக உட்கார வேண்டும். அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட் ஏற்கெனவே இறுகி இழுபட்டது, நீளமும் போதாது. புதிதாகப் போட்டு, சில நாள் ஓடியபின் திரும்பவும் இறுக்குங்கள். ஸ்பிரிங் தகட்டைக் கழற்றிப் பதிப்பது மலிவு, ஆனால் காலபோக அறுவடையில் மூட்டை ஏற்றும் வண்டிக்கு அதைச் செய்யவே கூடாது.

யாரும் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. சில பிக்கப்களில் பின் அச்சிலிருந்து ஒரு சிறு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். அச்சு சேசிஸை நெருங்கினால் ‘சுமை ஏறிவிட்டது’ என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். வண்டியைப் பதித்துவிட்டு இதைச் சரிசெய்யாமல் விட்டால், வெறும் வண்டியில், மாரி மழையில், பின் சில்லு பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். உயிர் போகிற விஷயம் இது.

பதித்தபின் குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வந்தால் பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறிவிட்டது. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து அதைத் திருத்தலாம்.

முன்பக்கம் 620இல் டோர்ஷன் பார், அதாவது முறுக்கத்தால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் இரும்புக் கம்பி. அதன் நட்டைத் தளர்த்த முன், போல்டின் எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். ஜக்கில் ஏற்றிச் சில்லு தொங்கும் நிலையில்தான் திருப்ப வேண்டும். பிறகு வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டே இரு பக்க உயரத்தையும் அளந்து பாருங்கள். சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டியில் காஸ் அடித்துச் சூடாக்கிப் பதிக்க விடாதீர்கள். என் முதல் பிக்கப்புக்கு ஒரு கராஜில் அப்படித்தான் செய்தார்கள். மூன்று மாதத்தில் இடப்பக்கம் தொய்ந்து, ரயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரிந்தது. சூட்டில் இரும்பின் விறைப்புப் போய்விட்டால் திரும்ப வராது.

அப்புறம், சில்லு எலைன்மென்ட், ஹெட்லைட் இரண்டையும் அன்றைக்கே பாருங்கள். பழைய நீளச் சொக்கை (ஷாக் அப்சார்பர்) அப்படியே விட்டால் அது அடிமுட்டி உடையும். எல்லாம் முடிந்ததும் வழக்கமான பாரத்தை ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக வெட்டி, ஏதாவது ஒரு குளக்கட்டு வீதியில் மெதுவாக ஓடிப் பாருங்கள். ரயர் மட்காட்டில் உரசிய தடம் தெரிந்தால் உயரத்தை அரை அங்குலமாவது கூட்டிவிடுங்கள்.