அப்பாவுக்குப் புற்றுநோய்: அவரிடம் சொல்வதா, மறைப்பதா?

பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மகனோ மருமகனோ முதலில் டாக்டர் அறைக்குள் போய், "சார், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்" என்று கேட்டுக்கொள்வார். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் யாருக்கு நோயோ அவரைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்ற நிலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கூடிப் பேசி முடிவெடுக்காதீர்கள். அந்த முடிவு அவருடையது. தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு, "எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்" என்று விலகிக்கொள்ளவும் உண்டு. அவரிடம் கேட்பதுதான் உங்கள் வேலை.

முதலில், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பாருங்கள். "உங்களுக்கு என்ன ஆயிருக்குன்னு நினைக்கிறீங்கப்பா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பலர் பாதிக்கு மேல் ஊகித்திருப்பார்கள். கரண்ட் வைக்கும் (கதிர்வீச்சு சிகிச்சை) அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் "உங்களுக்கு எந்த இடத்துல?" என்று கேட்டிருப்பார், வாசலில் போர்டு இருக்கும், போதாததற்கு வீட்டில் எல்லாரும் திடீரென்று ரொம்ப அன்பாகப் பேசியிருப்பீர்கள்.

அடுத்த கேள்வி: "டாக்டர் சொல்றதை எல்லாம் நீங்களே தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்க பார்த்துக்கட்டுமா?" "நீயே பார்த்துக்கோ" என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தித் திணிக்காதீர்கள். யார் முடிவெடுக்க வேண்டும் என்று மட்டும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். சிகிச்சை மாறும்போது மறுபடி ஒருமுறை கேளுங்கள், மனசு மாறியிருக்கலாம்.

தெரிய வேண்டும் என்றால், டாக்டரே சொல்வது நல்லது, நீங்கள் கூட இருங்கள். வீட்டில் நீங்களே சொல்வதானால் உறவினர்கள் வந்து நிறைந்திருக்கும் நேரமும் தூங்கப் போகும் நேரமும் வேண்டாம். "ரிப்போர்ட் நாம நினைச்ச மாதிரி வரலப்பா" என்று தொடங்கி, ஒரு நிமிடம் விட்டு, புற்றுநோய் என்ற சொல்லை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். "கட்டி" என்று மட்டும் சொன்னால் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்வார். அன்றைக்கு அதற்கு மேல் அவர் மனதில் அதிகம் ஏறாது. அடுத்து என்ன சிகிச்சை, எப்போது போக வேண்டும் என்பதோடு நிறுத்துங்கள்.

"எவ்வளவு நாள் இருப்பேன்?" என்று கேட்டால் நீங்களாக ஒரு எண்ணைச் சொல்லாதீர்கள். டாக்டர்கள் சொல்லும் கணக்கு பெரும்பாலும் நடு அளவு. ஒரு வருஷம் என்றால், இதே நிலையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருந்திருக்கிறார்கள் என்று பொருள். அவர் எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியாது, அதையும் அப்படியே சொல்லலாம்.

நோயாளியிடம் சொல்வது மேல்நாட்டு வழக்கம், நமக்கு ஒத்துவராது என்பவர்கள் உண்டு. 1961ல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் டாக்டர்களிடம் கேட்டபோது பத்துக்கு ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றுதான் சொன்னார்கள். 1979ல் அமெரிக்காவில் இன்னொரு மருத்துவமனையில் அதே கேள்விகளைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். அங்கும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள், பிறகு மாறினார்கள்.

மறைப்பதால் வரும் பெரிய தொந்தரவு சிகிச்சையில்தான். அல்சர் என்று நம்பிக்கொண்டிருக்கும் மனிதர், மூன்றாவது கீமோவில் உடம்பு துவண்டு போனதும் "வயித்துப் புண்ணுக்கு எதுக்குடா இவ்வளவு ஊசி" என்று பாதியில் நிறுத்திவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக அம்மா தந்த சம்மதம்கூடச் செல்லாது என்று 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயில், வங்கி நாமினி, யாருக்காவது கொடுக்க வேண்டிய கடன், குலதெய்வம் கோவிலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்ற ஆசை, இதையெல்லாம் நேரம் குறைவு என்று தெரிந்தவரால்தான் முன்கூட்டியே செய்ய முடியும்.

மறதி நோய் முற்றியவர், கடுமையான மனச்சோர்வில் இருப்பவர் என்றால் மட்டும் டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

இதுவரை மறைத்தே வந்திருந்தால்? சாக்குப்போக்கு வேண்டாம். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு பயந்து சொல்லாம இருந்தோம்ப்பா, இப்ப கேட்கறீங்களா?" என்று தொடங்குங்கள். கோபப்படுவார், சிலர் சாப்பிட மாட்டேன் என்பார்கள், அது ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கும். அந்த நேரத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் "நான் அப்பவே சொன்னேன்" என்று சண்டை போடாமல், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது டாக்டர் அறைக்குள் முதலில் அவரை அனுப்புங்கள்.