தோட்டப்புற நகரில் தொழிலுக்குத் திட்டமிடுதல்

மலேசியாவில் வணிக நோக்கிலான முதல் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடவு 1917-இல் சிலாங்கூர் மாநிலத்தின் தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. அது இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையைச் சார்ந்தது. இத்தகைய ஊரில் மளிகைக் கடையோ பட்டறையோ நடத்துபவர், விற்பனை இலக்கை எழுதும் முன், வாடிக்கையாளரின் கையில் பணம் எப்போது, எவ்வழியே வருகிறது என்பதை ஆராய வேண்டும். கல்லாவின் அருகே கிடக்கும் ‘555’ எனும் முத்திரை கொண்ட சிறு கடன் புத்தகங்களை எடுத்து, ஓராண்டுக் கணக்கை மாதவாரியாகப் பிரித்து எழுதுங்கள். சம்பள நாளிலும் தீராத பாக்கி எந்தத் தோட்டத்துக் குடும்பங்களிடம் கூடுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, தோட்டத்து மரங்களின் வயதைக் கேட்டறியுங்கள். செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகளில் மறுநடவுக்கு வரும். புதிய கன்று அறுவடைக்கு வர ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் குலை வெட்டும் வேலை குறைந்து, கடைத்தெரு வியாபாரமும் சுருங்கக்கூடும். எனவே வேலை தொடர்ந்தால் ஒன்று, குறைந்தால் மற்றொன்று என இரு திட்டங்கள் தேவை. இரண்டாவதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்: எந்தச் சரக்கை நிறுத்துவது, கடனுக்கு எவ்வளவு ரிங்கிட் வரம்பு வைப்பது என்பவற்றை, நெருக்கடி வருமுன் நிதானமாக முடிவு செய்துகொள்ளுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை, கடையை அடைத்த பிறகு, குடும்பத்தாரோடு அமர்ந்து அதைத் திருத்துங்கள்.