டெல்டாவுல நெல் லாரியக் கொறைக்க சரக்கு ரயில் லைன் வேணுமா, இப்படி ஆரம்பிங்க

சம்பா அறுப்பு நேரத்துல தஞ்சாவூர் – நாகப்பட்டினம் ரோட்ல பைக்ல போனவங்களுக்கு நான் எதையும் விளக்க வேணாம், முன்னாடியும் நெல் லாரி பின்னாடியும் நெல் லாரி, நடுவுல நம்ம. ஊர்ல நாலு பேரு சேந்தா உடனே "புது ரயில் பாதை அமைத்துத் தருமாறு"ன்னு ஒரு மனு எழுதிடுறோம், அது எங்கயோ ஃபைல்ல தூங்கிடுது. ஏன்னா அதுல டன் கணக்கு இருக்காது.

அதனால முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. உங்க ஊரைச் சுத்தி 20 கிலோமீட்டர்ல எத்தனை நெல் கொள்முதல் நிலையம், எத்தனை திறந்தவெளி கிடங்கு, எத்தனை ரைஸ் மில், எந்த மாசம் எவ்வளவு மூட்டை எந்த ஊருக்குப் போகுது, எல்லாத்தையும் எழுதுங்க. ரயில்வேகாரங்க லாரி கணக்குல பேச மாட்டாங்க, ரேக் கணக்குதான், ரேக்னா ஒரு முழு சரக்கு ரயில். நம்ம பக்கம் நெல் ஏத்துற ரேக்னா 42 வேகன், சுமாரா 2000 டன். கொள்முதல் நிலையத்து சிப்பம், அதாவது மூட்டை, 40 கிலோ, அப்போ ஒரு ரேக்குக்கு 50,000 சிப்பம். பத்து சக்கர லாரிக்கு 18 டன்னுன்னு வச்சா 110 லாரிக்கு மேல வரும். மாசத்துக்கு எத்தனை ரேக்னு சொல்லத் தெரிஞ்சா பேச்சே மாறிடும். வர்ற சரக்கையும் எழுத மறக்காதீங்க, உரம் சிமெண்ட்லாம். ஏன்னா காலி வேகன் வந்து நெல் ஏத்திட்டுப் போறதை விட, உரம் கொண்டாந்து இறக்கிட்டு நெல்லோட திரும்புற வேகன்தான் அவங்களுக்கு லாபம்.

அடுத்து, புது லைன் நிஜமாவே வேணுமான்னு பாருங்க. பாதி ஊருக்கு வேணாம்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா பக்கத்துலயே பழைய பாதை இருக்கு. நாகப்பட்டினம் – திருச்சி பாதை 1860கள்லயே வந்தது. மாயவரம் – முத்துப்பேட்டை லைனை 1894-ல போட்டது தஞ்சாவூர் டிஸ்ட்ரிக்ட் போர்டு, அதாவது ஒரு உள்ளாட்சி அமைப்பு, அதுக்குன்னு செஸ்னு தனி வரி வசூல் பண்ணிப் போட்டது, இன்னைக்கு நம்ம யூனியன் ஆபீஸ் ஒரு சின்ன வாய்க்கா பாலம் கட்டவே என்ன பாடு படுது. மூடிக் கிடந்த மீட்டர்கேஜ் பாதைங்களும் திரும்பி வந்துருக்கு, திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் அகலப்பாதையா 2023 ஏப்ரல்ல திறந்தாங்க, 1898-ல வந்து 1980கள்ல நின்னுபோன பேரளம் – காரைக்கால் பாதையையும் மறுபடி போட்டுட்டாங்க. தண்டவாளம் கிடந்த பழைய மண்மேடு இருந்தா நிலம் ஏற்கனவே ரயில்வேயோடது, பாதி தலைவலி போச்சு.

இப்ப முக்கியமான விஷயம், சைடிங் நீளம், அதாவது மெயின் லைன்லேருந்து ஒதுங்கி சரக்கு வண்டி நிக்கிற பக்க லைனோட நீளம். நீடாமங்கலம் ரயில்வே கேட்ல கால் கடுக்க நின்னவங்களுக்கு இது நல்லாப் புரியும். சரக்கு நிக்கிற லைன் குட்டையா இருந்தா ரேக்கை ரெண்டா வெட்டி பாதிப் பாதியாத்தான் உள்ள தள்ளணும், இன்ஜின் முன்னாடி பின்னாடி போய்ட்டு வந்துட்டு இருக்கும், அத்தனை நேரமும் கேட் மூடித்தான் இருக்கும். லாரிய கொறைக்கப் போயி பஸ்ஸு ஆம்புலன்ஸ் எல்லாத்தையும் நிறுத்துன கதை. அதனால முழு ரேக்கும் ஒரே தடவைல உள்ள போற மாதிரி ஏறக்குறைய 700 மீட்டர் நேர் லைன், அதுவும் ஊருக்கு வெளிய, கேட்டைத் தாண்டி, லாரி திரும்ப இடத்தோட கேளுங்க. யார்டு சரிவு 400-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது, அது நம்ம மண்ணுல பிரச்சனையே இல்ல, தட்டு மாதிரி இருக்கு.

பிரச்சனை தண்ணி. டெல்டா ஆறு நிறைய மேக்கேருந்து கிழக்கப் போகுது, லைன் வடக்கு தெக்கா போனா குடமுருட்டி வெட்டாறு வெண்ணாறுன்னு ஒவ்வொண்ணையும் குறுக்க தாண்டணும், நடுவுல கணக்கில்லாத வாய்க்காலு வடிகாலு வேற. மண்மேடு போட்டு ஒரு வடிகாலை அடைச்சாலும் ஐப்பசி மழைல மேக்கால உள்ள வயல் பூரா முங்கிடும். நீர்வளத்துறை ஆளுங்களோட ஊர்ல வாய்க்கா பார்க்குற பெரியவங்களையும் கூட்டிட்டுப் போயி எங்க மதகு வேணும்னு சர்வே நேரத்துலயே குறிச்சுடுங்க, அப்பறம் கேட்டா கிடைக்காது. பாலத்து அஸ்திவாரம் மேட்டூர் மூடுற ஜனவரி 28-க்கும் திறக்குற ஜூன் 12-க்கும் நடுவுல முடியணும், அதுல தவறுனா ஒரு வருஷம் போச்சு. களிமண் வேற, கோடைல வெடிக்கும் மழைல ஊதும், அதனால மேட்டுக்கு வெளியேருந்து கிராவல் வரணும். எதுல வரும்? லாரிலதான்.

நிலம் எடுக்குறதப் பத்தி ஒண்ணு. 2013 சட்டத்துல பல போகம் விளையுற பாசன நிலத்தை கடைசி வழியாத்தான் எடுக்கணும்னு இருக்கு, ஆனா ரயில் ரோடு மாதிரி நீளவாக்கு திட்டத்துக்கு அது பொருந்தாதுன்னும் அதே பிரிவுல இருக்கு. "நஞ்சை, எடுக்க முடியாது"ன்னு யாராவது தைரியம் சொன்னா நம்பிடாதீங்க.

காசுக்கு வழி, 2021 டிசம்பர்ல வந்த கதி சக்தி கார்கோ டெர்மினல் திட்டம். தனியாரோ கூட்டா சேந்தோ சொந்த நிலத்துல டெர்மினல் போடலாம், மெயின் லைனோட இணைக்கிறதுக்கு வேண்டிய ரயில்வே நிலத்துக்கு லைசென்ஸ் ஃபீ கிடையாது.

லாரி ஓனர்ங்களையும் லோடுமேன்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்க. வயலேருந்து யார்டு வரைக்கும் லாரிதான் ஓடணும், அவங்களுக்கு தூரம் கொறையும், நடை கூடும், இதை நேர்ல உக்காந்து பேசுனாத்தான் ஏத்துப்பாங்க. லோடுமேன் போதலைன்னா இன்னும் மோசம், ரேக் வந்து நின்னதும் ஃப்ரீ டைம், அதாவது காசில்லாம ஏத்தி இறக்கக் குடுக்குற நேரம், ஓட ஆரம்பிச்சுடும், தாண்டுனா வேகனுக்கு மணிக்கணக்குல டெமரேஜ்னு தாமதக் கட்டணம். அப்பறம் பிளாட்ஃபார்முக்கு மேல கூரை, முழு நீளத்துக்கும். எஸ்டிமேட்ல முதல்ல வெட்டுறது அதைத்தான், விட்டுடாதீங்க, தார்ப்பாயை நம்பி அட்டி போட்ட நெல்லு முளைச்சு நின்னத நான் பாத்துருக்கேன்.